சுயவாகனம்



தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம்முடையது. அந்த ஈரத்தினாலேயே நம் ரப்பரும் வாழையும் செழிக்கின்றன. அதே ஈரம், பல நாள் மூடிக் கிடக்கும் காருக்குள் சீட்டின்மேல் வெள்ளைப் பூசணமாகப் படர்கிறது. குழித்துறையில் மழைக்காலம் வந்தால் வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் இதைக் குறித்துக் கேட்கிறார்கள். இது சிறிய காரியந்தான். ஆயினும் வேதம் இதைச் சிறிதாக எண்ணவில்லை.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் 47 முதல் 59 வரையுள்ள வசனங்களை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். அவை மனிதரின் சரீரத்தைப் பற்றியவை அல்ல. துணியையும் தோலையும் பற்றியவை. பாவிலோ ஊடையிலோ தோற்பொருளிலோ பச்சையாகவோ சிவப்பாகவோ தோஷம் தோன்றினால், அதை ஆசாரியனுக்குக் காட்டவேண்டும். நம் வேதாகமம் குஷ்டதோஷம் என்று சொல்லும் இதனை, பூசணம் என்றே வேத அறிஞர் பலர் விளக்குகின்றனர். ஆசாரியன் அதை 7 நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். படர்ந்திருந்தால் அது நெருப்புக்குரியது. படராதிருந்தால் கழுவச் சொல்லி, இன்னும் 7 நாள் பொறுக்கிறான். கழுவியும் நிறம் மாறாததை எரிக்கிறார்கள். மங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் கிழித்தெடுக்கிறார்கள். கறை முற்றும் நீங்கியதை இரண்டாம் முறை கழுவினால் அது சுத்தம்.

பார்ப்பது, பொறுப்பது, கழுவுவது, மறுபடியும் பார்ப்பது என்ற இந்த ஒழுங்கு நம் வண்டிக்கும் பொருந்தும்.

முதலாவது, ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். மிதியடியைத் தூக்கி, அதன்கீழ் உள்ள விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் முன்சீட்டின் காலடியில் தேங்கும். கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும் மழைநீர் உள்ளே இறங்கும். காரணத்தை நீக்காமல் வாசனைப் பொருளைத் தொங்கவிடுவது நாற்றத்தை மறைக்குமேயன்றிப் போக்காது. பாச்சா உருண்டையை வண்டிக்குள் போடவே வேண்டாம். மூடிய இடத்தில் அதன் ஆவி கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது.

இரண்டாவது, வண்டியை வெளியே நிறுத்தி, கதவுகளைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, பூசணத்தையும் மணலையும் தூசியையும் உறிஞ்சி எடுங்கள். மென்மையான சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, ஒரு மறைவான ஓரத்தில் சோதித்தபின் துடையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள். துணிக்குக் கீழுள்ள பஞ்சு அதைக் குடித்துவைத்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் மின்கம்பிகளும் ஓடுகின்றன. பின்பு நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் ஷீட்டை நாம் புகையறையில் இடுவதும் ஈரத்தைப் போக்கிப் பூசணத்தைத் தடுப்பதற்குத்தானே!

மூன்றாவது, பாதுகாப்பு. ரெக்சினிலும் தோலிலும் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அது தூசியைப் பிடித்துக்கொள்ளும். சீட் பெல்ட்டைச் சோப்பு நீரால் மட்டும் துடையுங்கள். பிளீச்சிங் அதன் நாரைப் பலவீனப்படுத்தும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியானால், அதை மூடிவிடாத உறையாகப் பார்த்து வாங்குங்கள். புதுவண்டியோடு வந்த பாலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள். சீட்டைக் காப்பதாக எண்ணி அதை வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி, அங்கேயே பூசணம் பிடிக்கிறது.

இந்தக் கடைசிக் காரியம் என்னை வெகுவாய்ச் சிந்திக்க வைத்தது. காப்பதற்காகவே மூடிவைப்பது உள்ளிருந்து கெடுகிறது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் காயப்பட்டவனை எதன்மேல் ஏற்றினான்? நம் தமிழ் வேதாகமம் அதற்கு ஓர் அழகான சொல்லைத் தருகிறது: சுயவாகனம். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தபின்பு ஏற்றுகிறான். எண்ணெய், திராட்சரசம், இரத்தம் ஆகிய மூன்றும் எளிதில் போகாத கறைகள். அந்தப் பயணத்திற்குப்பின் அவனுடைய வாகனத்தின் விரிப்பு எப்படி இருந்திருக்கும்! வேதம் அதைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. சமாரியனும் அதைக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலையில் பால்வெட்டுக்குச் சென்ற ஒரு பெரியவர் கத்தி வழுக்கிக் கையை வெட்டிக்கொண்டார். ஆட்டோ கிடைக்காத நேரம். நான் வண்டியின் கதவைத் திறந்தேன், அவர் ஏறவில்லை. காயம்பட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி, மறுகையால் தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துச் சீட்டின்மேல் விரிக்க முயன்றார். "ஐயா, சீட்டுல ரெத்தமாயிரும்" என்றார். அந்தத் தோர்த்தை வாங்கி அவருடைய கையில் இறுகச் சுற்றி, அவரை வெறும் சீட்டிலேயே உட்காரவைத்தேன். சுற்றப்பட வேண்டியது அவருடைய கையேயன்றி என் சீட்டல்ல. அன்று மாலையில் குளிர்ந்த நீராலும் சோப்பாலும் துடைத்தேன். வெந்நீர் இரத்தக்கறையை இறுகச் செய்துவிடும். ஆயினும் மங்கலாக ஓர் அடையாளம் இன்றும் இருக்கிறது. அதன்மேல் உறை போட எனக்கு மனமில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வண்டியைச் சுத்தமாய் வைத்திருங்கள். இருமல் உள்ளவரும் குழந்தையும் அதில் ஏறும்போது மூச்சுத் திணறக்கூடாது. சுத்தம் அவர்களுக்காகவே. ஆனால் அவர்களை ஏற்றாதிருப்பதற்கு அந்தச் சுத்தமே காரணமாகிவிட வேண்டாம். உங்கள் தெருவில் முழங்கால் வலியினால் ஆராதனைக்கு வரக்கூடாதிருக்கிற தாயார் ஒருவர் இருக்கலாம். நனைந்த குடையோடும் சேறுபட்ட செருப்போடும் அவர் தயங்கி நிற்பார். "பரவாயில்லை, ஏறுங்கள் அம்மா" என்று நீங்கள் சொல்லவேண்டும். சேற்றைத் திங்கட்கிழமை துடைத்துக்கொள்ளலாம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.