குறியிட்ட சீட்டு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. இதன் பொருளை எனக்கு நன்கு விளக்கியது, சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கேள்வி. மந்திரவித்தைக்காரர் ஒருவர் தமக்கென்று தனியாக அச்சிட்டுக்கொள்ளும் சீட்டுக்கட்டில், தம் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி இரகசியக் குறி இடலாமா, கூடாதா என்பதே அக்கேள்வி. கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அதனால் என் தாயும் தந்தையும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சிவகாசி என்றதும் எல்லோருக்கும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். 1922-ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுவதற்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. பிறகு நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் என்று அச்சுத்தொழில் தனி மரமாகவே வளர்ந்துவிட்டது. அந்த மரத்தின் ஒரு சிறு கிளையில்தான் எங்கள் குடும்பம் வாழ்கிறது. என் தந்தை ஓர் ஆப்செட் அச்சகத்தில் மேற்பார்வையாளர்.

நாட்காட்டி வேலை இன்னும் சூடுபிடிக்காத ஒரு மாதத்தில், பள்ளிகளிலும் திருவிழாக்களிலும் வித்தை காட்டும் பெரியவர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். முந்நூறு கட்டு வேண்டும் என்றார். "அண்ணாச்சி, முன்பக்கம் எல்லாச் சீட்டையும் போலத்தான். பின்பக்கத்தில்தான் வேலை இருக்கிறது" என்று சொல்லி ஒரு தாளை விரித்தாராம்.

சாதாரணச் சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டுக்கும் பின்புறம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே தாளில் எல்லாச் சீட்டையும் அச்சடித்து, பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். குறியிட்ட கட்டில் ஒவ்வொரு பின்புறமும் வேறு. கொடியின் ஓர் இலை சற்றுத் தடித்திருக்கும், ஒரு பூவின் இதழ் சற்று மாறியிருக்கும். ஒரு குறி இஸ்பேடா, ஆட்டினா, டைமனா, கிளாவரா என்று இனத்தைச் சொல்லும். இன்னொரு குறி பதின்மூன்று எண்களில் எது என்று சொல்லும். நான்கைப் பதின்மூன்றால் பெருக்கினால் ஐம்பத்திரண்டு, கணக்கு முடிந்தது. ஆனால் அச்சுக்கூடத்தில் கணக்கு அவ்வளவு எளிதாக முடியாது. தாளைத் திருப்பிப் பின்புறம் அடிக்கும்போது இடம் மாறிவிட்டால், ஆட்டின் ராணியின் முதுகில் கிளாவர் ஏழின் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். "இதில் ஒரு தாள் தவறினாலும் மேடையில் ஒரு மனிதர் தலைகுனிய வேண்டும்" என்றார் அப்பா.

அன்றிரவு சாப்பிடும்போது அவர் இதை மகிழ்ச்சியோடுதான் சொன்னார். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டே கிடையாது. விடுமுறையில் கழுதை விளையாட்டு ஆடக்கூட அம்மா அனுமதித்ததில்லை. காரணத்தை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த என் தாய்மாமன், ஒரு தீபாவளிக்கு முதல்நாள் போனஸ் பணத்தோடு சீட்டாடப் போய் வெறுங்கையோடு திரும்பினாராம். சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் கட்டின் பெரிய சீட்டுகளுக்கெல்லாம் மூலையில் நகக்கீறல் இருந்ததென்று. ஆண்டு முழுவதும் ஊராருக்கு மத்தாப்புச் செய்தவரின் பிள்ளைகளுக்கு அந்த வருடம் ஒரு கம்பி மத்தாப்புக்கூட இல்லை. "அந்தக் கீறல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதையே மெஷினில் அடித்துக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. நூலகத்திலும் அப்பாவின் கைப்பேசியிலும் தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் சீட்டுகளின் பின்புறம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாகவே இருந்திருக்கிறது. விளையாடுவோரின் கை அழுக்குப் பட்டால் அக்கறையே ஓர் அடையாளம் ஆகிவிடும். கறை தெரியாமல் இருக்கவே பின்புறத்தில் கோலம் அடிக்கும் வழக்கம் பரவிற்று. ஏமாற்றைத் தடுக்க வந்த கோலத்துக்குள்ளேயே பிறகு ஏமாற்று ஒளிந்துகொண்டது! பிரான்சு நாட்டு வித்தை மேதை ராபர்ட் ஹூடின், சூதாடிகள் செய்யும் சீட்டு மோசடிகளை அம்பலப்படுத்தி 1861-இல் ஒரு நூலே எழுதினார். வித்தைக்காரர்தாம் மோசடிக்காரரை முதலில் கண்டுபிடிப்பவர் என்பதை அறிந்தபோது என் மனம் சற்றுத் தெளிந்தது.

குறி என்பது தன்னளவில் குற்றமா என்று யோசித்தேன். நம் 500 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் ஐந்து சாய்ந்த கோடுகள் தடவினால் தெரியும்படி உள்ளன; பார்வையற்றோரும் பணத்தை அறிந்துகொள்ளவே அவை. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி அளித்த தீர்ப்புக்குப் பின், பசுமைப் பட்டாசுப் பெட்டிகளின்மேல் நீரி நிறுவனத்தின் முத்திரையும் கியூஆர் குறியும் வந்தன. இவையும் குறிகளே. ஆனால் இவை எல்லோருக்கும் சொல்லி இடப்பட்டவை. நகக்கீறலோ ஒருவனுக்கு மட்டும் தெரிந்து, மற்றவன் சோற்றைப் பறிப்பது. அப்படியானால் வித்தைக்காரரின் குறி எந்தப் பக்கம் சேரும்? அது ஒருவருக்கு மட்டும் தெரிந்ததுதான். ஆயினும் யார் சோற்றையும் பறிப்பதில்லை. வித்தை பார்க்க வருபவர், "என்னை வியக்க வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டுதான் வந்து அமர்கிறார். சூதாட்ட மேசையில் அமர்பவர் அப்படிக் கேட்கவில்லை. சகுனியின் காயும் வித்தைக்காரரின் சீட்டும் வேறுபடும் இடம் இதுவே என்று எனக்குத் தோன்றியது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்து, "நீ சொல்வது சரிதான், தாயி. ஆனால் கட்டு அவர் கையிலேயே இருக்கும் என்பது என்ன நிச்சயம்? முந்நூறில் ஒன்று தவறி வேறொரு கைக்குப் போனால் உன் மாமன் கதைதானே?" என்றார். எனக்கு அந்த யோசனை எழவே இல்லை.

மறுநாள் அப்பா பெரியவரிடம் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். கடையில் விற்கும் கட்டைப் போன்ற கோலத்தில் குறியிட மாட்டோம். வேறு யார் கண்டாலும் இது வித்தைச் சீட்டு என்று தெரியும் தனிக்கோலமாக இருக்க வேண்டும். பெட்டியின்மேல் "மந்திரவித்தைக்கு மட்டும்" என்று அச்சிட வேண்டும். பெரியவர் தயங்கினார். "அண்ணாச்சி, தனிக்கோலம் என்றாலே சனங்கள் சந்தேகப்படுவார்கள். கடைச்சீட்டு என்றால்தான் நம்புவார்கள். ஒருமுறை குறி இருப்பது தெரிந்துவிட்டால், நான் நாற்பது வருடம் பழகிய கைவேலையையும் குறி என்றே சொல்லிவிடுவார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. குறியையே நம்பி இருக்கும் வித்தைக்காரனுக்குக் கைப்பழக்கம் மழுங்கிப்போகும் என்றும் அவரே ஒப்புக்கொண்டாராம். கடைசியில் இரண்டு நிபந்தனைகளுக்கும் இசைந்தார். பெட்டி மேடைக்கு வராது, சீட்டுதானே வரும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டாராம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் அவருக்குப் பிடித்த புளியோதரை இருந்தது.

முதல் தாளை அப்பா எனக்குக் காட்டினார். குறி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டி, யாரிடமும் சொல்வதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டார். எனவே அதை இங்கும் எழுத மாட்டேன்.

இந்த ஆண்டு ஜனவரி 31, புனித ஜான் போஸ்கோவின் திருநாளன்று, எங்கள் பள்ளியில் அதே பெரியவரின் வித்தை நடந்தது. வித்தைக்கு முன் அருட்சகோதரி ஒரு கதை சொன்னார். இத்தாலி நாட்டின் ஏழைக் குடியானவர் வீட்டில் 1815-இல் பிறந்த ஜான் போஸ்கோ, சிறுவயதில் சந்தையில் கழைக்கூத்தாடிகளைப் பார்த்து வித்தை கற்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக வித்தை காட்டுவார். கட்டணம் ஒன்றே, எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். பிறகு கியேரி நகரில் மாணவராக இருந்தபோது, இவர் பில்லிசூனியம் செய்கிறார் என்று சிலர் ஐயுற்றனர். விசாரிக்க அழைத்த குருவானவரிடம், "இப்போது மணி என்ன?" என்று கேட்டார். குருவானவர் தேடினால் கடிகாரத்தைக் காணோம், பணப்பையையும் காணோம்! அவர் பிச்சைக்காரர் ஒருவருக்கு உதவப் போன நேரத்தில் அவற்றை எடுத்து மறைத்து வைத்ததை ஜான் போஸ்கோவே விளக்கிச் சொல்ல, குருவானவர் வாய்விட்டுச் சிரித்தாராம். வித்தைக்காரர் பலர் இன்று அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர்.

வித்தை தொடங்கியது. பெரியவர் சீட்டை விசிறிபோல் விரித்து, என் வகுப்புத் தோழி ஒருத்தியை ஒன்று எடுக்கச் சொன்னார். அவள் எடுத்ததை யாருக்கும் காட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடித் திறந்து, "ஆட்டின் ராணி" என்றார். அரங்கமே கைதட்டிற்று. எனக்கு மட்டும் இரகசியம் தெரிந்ததில், உண்மையைச் சொல்கிறேன், சற்றுச் செருக்குத்தான். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட நாக்கு துடித்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்னைத் தடுத்தது.

வித்தை முடிந்து எல்லோரும் கலைந்தபின் என் தோழி மட்டும் மேடையோரம் நின்றாள். அவளுடைய தந்தை வெளியூர் வேலைக்கென்று சென்று இரண்டு ஆண்டுகளாகத் தகவலே இல்லை. (இதை அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) அவள் பெரியவரிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, நீங்கள் பார்த்துச் சொல்லுவீர்களா, எங்கள் அப்பா எங்கே இருக்கிறார் என்று?"

எனக்கு நெஞ்சு படபடத்தது. அவர் என்ன சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். "வடக்கே இருக்கிறார், வந்துவிடுவார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அன்றிரவு உறங்கியிருப்பாள். அடுத்த நாள் அவளுடைய தாய் தட்சிணையோடு அவரைத் தேடிப் போயிருப்பார். எங்கள் அச்சகத்தில் அடித்த குறி ஒரு குடும்பத்தைச் சுரண்டும் கருவியாகியிருக்கும்.

பெரியவர் மேடையோரத்தில் உட்கார்ந்துகொண்டார். "பாப்பா, எனக்கு அந்த சக்தியெல்லாம் கிடையாது. எனக்குத் தெரிந்தது இந்த ஐம்பத்திரண்டு சீட்டுதான். அதிலும் தந்திரம் இருக்கிறது, மந்திரம் இல்லை. உன் அப்பாவைத் தேடுகிறேன் என்று எவன் காசு கேட்டாலும் கொடுக்காதே. சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போலீசில் எழுதிக் கொடு" என்றார். பிறகு அந்த ஆட்டின் ராணியை அவளிடமே கொடுத்துவிட்டார். ஒரு சீட்டு குறைந்தால் அந்தக் கட்டே வீண் என்பது எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பிரேமானந்த் என்பவரும் ஒரு வித்தைக்காரரே. தெய்வசக்தி என்று சொல்லி மக்களை ஏமாற்றுவோரின் தந்திரங்களை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கியவர். இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மூடி ஒட்டிய உறையில் உள்ள ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை யாரும் அதைப் பெறவில்லை. மூடிய உறையைப் படிக்க யாராலும் முடியாது. குறியிட்டிருந்தால் மட்டுமே முடியும்! இவ்விருவரும் கடவுள் நம்பிக்கை அற்றவர்கள். ஜான் போஸ்கோவோ புனிதர். ஆயினும் "இது என் கைத்திறன்தான்" என்று சொல்லும் நேர்மையில் மூவரும் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகின்றனர்.

ஆகவே, அன்புத் தோழியரே, வித்தைச் சீட்டில் குறி இடலாம் என்பதே என் தாழ்மையான கருத்து. ஆனால் அது சூதாட்ட மேசைக்குப் போக முடியாத கோலத்தில் இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர், மேடையை விட்டு இறங்கியதும் தம்மை வெறும் மனிதர் என்று சொல்லும் துணிவுள்ளவராக இருக்க வேண்டும். முதலாவதை அச்சகம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை எந்த மெஷினாலும் அடித்துக் கொடுக்க முடியாது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் பெரியவருக்கு அடுத்த தடவை நல்ல தாளில் அடித்துக் கொடுக்கச் சொல் உன் அப்பாவை" என்றார்.

என் தோழி அருட்சகோதரியுடன் சென்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆட்டின் ராணி இப்போது அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. சென்ற வாரம் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏய், உங்க அப்பா வேலை செய்யும் அச்சகத்தில்தானே இதை அடித்தார்கள்? உண்மையைச் சொல், இதில் குறி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. எங்கே என்று மட்டும் கேட்காதே" என்றேன்.

நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.