தண்டவாளம் போன வழி

சிங்கப்பூரைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்க 38 நிமிடம் போதும். இயக்குநர் டான் பின் பின் அதைப் படமாகவே எடுத்திருக்கிறார். சாங்கி விமான நிலையத்தில் புறப்பட்டு, தீவு விரைவுச்சாலை வழியாகத் துவாஸ் வரை, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரிலிருந்து ஒரே மூச்சில் எடுத்த படம். நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. ‘80 கி.மீ./மணி’ என்று அந்த வேகத்தையே தலைப்பாக வைத்தார். அதைப் பார்த்த நாள் முதல் எனக்கும் ஓர் ஆசை. இதே தீவை வடக்கிலிருந்து தெற்காக நடந்தே கடக்க வேண்டும், என் கைபேசியில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

பாதை தயாராகவே இருந்தது. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர். 1903இல் இந்த லைன் தொடங்கியபோது வண்டி தண்டாயுதபாணி கோவில் இருக்கும் டேங்க் ரோடு வரை போனது. 1932இல் பாதையின் தென்பாதியை மாற்றிப் போட்டு, கடைசி நிலையத்தைத் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தான் இப்ராஹிமே அதை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இன்று அது நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான பசும்பாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே உட்லண்ட்ஸில் நின்றேன். முந்தின இரவு முஸ்தபாவில் வாங்கிய குட்டி மைக் சட்டைக் காலரில் இருந்தது. கைபேசியை நீட்டிப் பிடித்து, “வணக்கம் மக்களே!” என்று தொடங்கினேன்.

கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கமெல்லாம் மரப்பட்டறைகள். ஞாயிறன்றும் காற்றில் மரத்தூள் வாசனை இருந்தது. வேலி போட்டிருந்த இடங்களில் சாலைக்கு ஏறிச் சுற்றி வந்தேன். புக்கிட் பாஞ்சாங் தாண்டி ஹில்வியூ வந்ததும் காடு இரண்டு பக்கமும் நெருங்குகிறது. அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே இரும்புப் பாலம். கீழே பேருந்துகள், மேலே நானும் ஒரு குரங்குக் கூட்டமும். எல்லா இடத்திலும் பேசிக்கொண்டே போனேன். எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர், என்ன மரம், எதையும் விடவில்லை.

புக்கிட் தீமா நிலையத்தில்தான் வாய் ஓய்ந்தது. சின்னச் செங்கல் கட்டடம். செப்பனிட்டு 2022இல் மறுபடி திறந்துவிட்டிருக்கிறார்கள். வாசலில் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒற்றைப் பாதை என்பதால், எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு டோக்கன் முறை இருந்தது. வளையத்தில் கோத்த அந்த டோக்கனை நிலைய ஊழியர் நீட்டுவார், ஓடுகிற வண்டியிலிருந்து கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார்கள். டோக்கன் கைக்கு வராமல் அடுத்த பகுதிக்குள் வண்டி நுழையக் கூடாது. கடைசி நாள் வரை இங்கே அது கையால்தான் நடந்தது. தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் இரும்பு சுட்டது. பேச ஒன்றும் வரவில்லை. கைபேசி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று பாதி வழியோடு நடையை நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் தேக்காவுக்கு வந்து, ஒரு தேநீரை வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிப் பதிவைக் கேட்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் என் குரல். ஆனால் அது என் குரலே இல்லை. சென்னைக் காணொளிக்காரர்களிடமிருந்து எடுத்த இழுப்பு, வானொலிச் செய்தியிலிருந்து எடுத்த உச்சரிப்பு. நான் பிறந்து வளர்ந்த தீவை, நேற்று விமானத்தில் இறங்கியவனைப் போல விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலில் தப்பொன்றும் இல்லை, அது அவர்களுக்கு உரியது. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு குரல் இருக்கிறதா என்ற கேள்வி வந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது.

வெளியே சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வீரமாகாளியம்மன் கோவிலுக்கு எதிரே ஒரு தம்பி கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “அக்கா, அந்தா தெரியுது பாரு கோபுரம்... அதான். சாமி கும்புட்டுக்க. இரு இரு, பூக்கடைக்கு வாரேன், நம்ம ஊரு கனகாம்பரம் இருக்கு பாரு.” மைக் இல்லை, வருடம் இல்லை, கிலோமீட்டர் இல்லை. யாருக்குக் காட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாரா வாரம் இந்தத் தெருவில் நூற்றுக்கணக்கான கைபேசிகளில் இப்படித்தான் சிங்கப்பூர் ஊருக்குப் போகிறது. 1978இல் ‘ப்ரியா’வும் 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் தமிழ்நாட்டுக்குக் காட்டிய சிங்கப்பூரைவிட இதுதான் உண்மைக்குப் பக்கம் என்பது என் எண்ணம்.

அடுத்த ஞாயிறு, மிச்சப் பாதைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். வயது எழுபத்து மூன்று, முழங்கால் வலி. புவன விஸ்தாவிலிருந்து தங்ளின் ஹால்ட் வரை மட்டும் வருவதாகச் சொன்னார்.

தங்ளின் ஹால்ட் என்ற பெயரே ரயில் நின்ற இடம் என்பதால் வந்தது. நான் வளர்ந்தது அங்கே, பத்து மாடி புளோக்கில். அந்த புளோக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2014இல் அறிவித்தார்கள். குடியிருந்தவர்களுக்கு டாசன் பக்கம் மாற்று வீடு. எங்கள் வீட்டுச் சன்னலுக்கு நேர் கீழே லைன். ராத்திரி வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து மணி மாதிரி கேட்கும். இதை நான் மறந்தே போயிருந்தேன். சரளைக் கல் பாதையில் நடக்கும்போது அம்மாதான் சொன்னார்.

“நீ ரயில் சத்தம் கேட்டாத்தான் தூங்குவ. சத்தம் நின்னுபோன அன்னைக்கு அப்பா ராத்திரி பூரா முழிச்சிருந்தாரு.”

கைபேசியை இடுப்பளவில் பிடித்தபடி நான் பின்னால் நடந்தேன். படத்தில் அம்மாவின் முகம் இல்லை. செருப்பு, புடவைக் கரை, கல் நொறுங்கும் சத்தம், அந்தக் குரல்.

காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் கோவில். 1932இல் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள், குவீன்ஸ்வே பக்கம் லைன் ஓரத்தில் ஒரு சின்னக் குடிசையாகப் போட்ட கோவில் அது. சாலை அகலமானபோது 1998இல் இங்கே மாறிவந்தது. லைன் வேலைக்கு ஏன் முனீஸ்வரன்? இருட்டில், ஆளில்லாத காட்டு ஓரத்தில், கையில் ஒரு விளக்கோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனுக்கு எல்லைக்காவல் தெய்வத்தைவிட யார் துணை வருவார்? சரளை கொட்டி, கட்டை அடுக்கி, ஆணி அடித்தவர்கள் பெயர் எந்த நிலையத்துச் சுவரிலும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது இந்தச் சாமியைத்தான். போன வாரம் இந்த லைனைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறேன், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்துச் சன்னதியில் எனக்குத் தொண்டை அடைத்தது.

“முனியாண்டி கோயிலு அப்ப தகரக் கூரை,” என்றார் அம்மா. “வண்டி போனா தீபம் ஆடும். அணையாது.” அதைச் சொல்லிவிட்டு, மைக் இருப்பது ஞாபகம் வந்து, “இதெல்லாமா எடுக்குற?” என்று கேட்டார். “ஆமாம்மா, இதைத்தான் எடுக்கிறேன்” என்றேன். அந்தப் பதில்தான் அந்த இரண்டு ஞாயிறுகளிலும் நான் என் சொந்தக் குரலில் பேசிய முதல் வாக்கியம்.

அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு மிச்ச தூரத்தைத் தனியாக நடந்தேன். அலெக்சாண்ட்ரா, புக்கிட் மேரா, கம்போங் பாரு. எதுவும் பேசவில்லை. தஞ்சோங் பகார் நிலையம் தேசியச் சின்னம். முகப்பில் நான்கு வெள்ளைச் சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். அடியில் சர்க்கிள் லைனின் கேன்டன்மென்ட் நிலையத்தைக் கட்டுவதற்காகப் பல வருடம் மூடி வைத்திருந்தார்கள். சிலைகளை ஒரு நிமிடம் அசையாமல் எடுத்தேன். தொழிலுக்குச் சிலை உண்டு, தொழிலாளிக்கு இல்லை.

காணொளி கடைசியில் 11 நிமிடமாக நின்றது. “வணக்கம் மக்களே” போய்விட்டது, முதல் ஞாயிற்றின் பேச்சு மொத்தமும் போய்விட்டது. சுடும் தண்டவாளத்தின் மேல் என் கை, அம்மாவின் செருப்புச் சத்தம், ஆடியும் அணையாத தீபம், நான்கு சிலைகள் இருக்கின்றன. என் பேச்சு அந்த ஒரு வாக்கியம் மட்டும்.

உங்கள் வீட்டிலும் அந்த ரயில் சத்தத்தைக் கேட்டவர்கள் இருப்பார்கள். வருகிற ஞாயிறு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், முழங்கால் தாங்குகிற தூரம் போதும். கைபேசியை இடுப்பளவில் பிடியுங்கள், அவர்களைப் பேச விடுங்கள்.