பாட்டி ஏன் வடையைத் தள்ளி வைத்தார்?

கல்யாணப் பந்தியில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர். ரசம் சாதத்தை மட்டும் குழையப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வடையைப் பேரன் இலைக்குத் தள்ளுகிறார். "எண்ணெய்ப் பண்டம் எனக்கு ஒத்துக்காதுப்பா, நீ சாப்பிடு." பேரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒத்துக்கொள்ளாதது வயிறு இல்லை, பல்!

வடை போனால் பரவாயில்லை. அப்புறம் கொண்டைக்கடலை போகும், கொய்யா போகும், காய்கறி போகும். கடைசியில் மிஞ்சுவது தயிர் சாதம். உடம்பு இளைத்துக்கொண்டே போகும். வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது.

"வயசானா பல்லு விழத்தானே செய்யும்" என்பார்கள். அப்படியா? ஜப்பானில் 1989-ல் அரசும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து '8020' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தன. 80 வயதிலும் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது அந்த வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பல் இல்லை. 2016-ல் எடுத்த கணக்கில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. வயது அதேதான், பராமரிப்புதான் மாறியது.

பெரும்பாலும் வில்லன் ஈறு நோய். பல்லோரம் படியும் அழுக்கு காரையாக இறுகி, ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைகிறது. வலிக்காது, அதுதான் மோசம். துலக்கும்போது ரத்தம் வந்தால், துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள் (செய்ய வேண்டியது நேர் எதிர்). சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். பிரஷர் மாத்திரைகள் சில வாயை உலர்த்திவிடும். எச்சில் குறைந்தால் சொத்தை சுலபம். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், இரண்டு வேளை... இதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் மட்டும் அதை விட்டே ஆக வேண்டும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பல் செட்டு கட்டியவர்களுக்கு வேறு பிரச்சினை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் கோணிவிடும். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் தேயும் (காமர்ஸ் மாணவர்கள் தேய்மானக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்). அதனால் அளவெடுத்துக் கட்டிய செட்டும் சில வருஷத்தில் லூசாகிக் குத்தும். டாக்டரிடம் போனால் சரிசெய்து தருவார். "இன்னொரு செலவு எதுக்கு" என்று பெரியவர்கள் வீட்டில் சொல்வதே இல்லை.

அந்தப் பாட்டிக்கும் செட்டு இருக்கிறது. மூன்று வருஷமாக, பீரோவில், ஒரு டப்பாவுக்குள்.