சர்வர் இல்லாத ஓட்டலில் கோபால்

நமக்கு சர்வர் என்றால் ஈரத் துணியால் மேஜையைத் துடைத்துவிட்டு, 'இட்லி, வடை, பொங்கல், பூரி...' என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர். அதனால் 'சர்வர்லெஸ்' என்று கேள்விப்பட்டதும் ஏதோ செல்ஃப் சர்வீஸ் சமாசாரம் என்றுதான் நினைக்கத் தோன்றும். நேர் எதிர். கம்ப்யூட்டர் பாஷையில் சர்வர்லெஸ் என்றால் சர்வர் இருக்கிறது, உங்களுடையது இல்லை, அவ்வளவே.

அமேசான்காரர்கள் 2014-ல் 'லாம்டா' என்ற பெயரில் இப்படி ஒரு கடையைத் திறந்தார்கள். புரோகிராமைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட வேண்டியது. யாராவது கூப்பிட்டால் அடுப்பு எரியும். வேலை முடிந்தால் மீட்டர் நிற்கும். மில்லி செகண்ட் கணக்கில் காசு. சும்மா இருக்கும் நேரத்துக்குக் காலணா கிடையாது. (இந்தச் சம்பளத் திட்டம் நம் ஆபீஸ்களுக்கு வராமல் இருக்க வேண்டும், சாமி!)

ஒரு சிக்கல். கடையில் தயாராக இருப்பது பைத்தான், ஜாவா, ரூபி மாதிரி சில மொழிகள்தான். என் கையில் இருந்ததோ கோபால். சரோஜாதேவி கொஞ்சிய கோபால் இல்லை. 1959-ல் அமெரிக்காவில் கமிட்டி போட்டுப் பிறப்பித்த வியாபாரக் கணக்கு மொழி.

தெரிந்தவர்களின் ஊழியர் சிக்கன நாணயச் சங்கம் ஒன்று. கடன், வட்டி சகலமும் கோபாலில். எழுதியவர் ரிடையராகிப் பல வருஷம் ஆச்சு. அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. 'பைத்தான்ல மாத்திடலாம் சார், ரெண்டு நாள் வேலை' என்றான் ஒரு துடிப்பான பையன். மாற்றியும் காட்டினான். ஜோராக ஓடியது. ஆனால் சில மெம்பர்கள் கணக்கில் ஒரு பைசா உதைத்தது.

வட்டி 10.125 ரூபாய் என்று வருகிறது. கோபாலில் 'ரவுண்டட்' போட்டால், நாம் பள்ளிக்கூடத்தில் படித்தபடி, 10.13. பைத்தானின் 'ரவுண்ட்' 10.12 என்கிறது. சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டைப்படைக்குப் போவது அதன் சம்பிரதாயம். இரண்டுமே நியாயம்தான். ஆனால் மெம்பர் கையில் இருக்கும் பாஸ்புக்கில் 13 பைசா என்று அல்லவா இருக்கிறது? பைத்தானுக்கும் சொல்லி வழிக்குக் கொண்டு வரலாம். எத்தனை இடத்தில் சொல்வது? ரவுண்டட் மாதிரி வெளியே தெரியாத வழக்கங்கள் அந்த 4,000 வரிக்குள் இன்னும் எத்தனையோ! எழுதி வைக்காத சட்டங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதைத் தொடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நல்ல வேளையாக, லாம்டாவில் 2018 நவம்பரில் ஒரு கொல்லைக் கதவு திறந்துவிட்டார்கள். 'கஸ்டம் ரன்டைம்' என்று பெயர். அதாவது, சரக்கு மாஸ்டரை நீங்களே கூட்டி வரலாம். நிபந்தனை ஒன்றுதான்: பொட்டலத்தில் 'பூட்ஸ்ட்ராப்' என்ற பெயரில் ஓடக்கூடிய ஒரு ஃபைல் இருக்க வேண்டும். அது ஜன்னலுக்குப் போய் 'அடுத்த ஆர்டர் என்ன?' என்று கேட்கும். வாங்கி வந்து மாஸ்டரிடம் கொடுக்கும். பதார்த்தம் வந்ததும் அதே ஆர்டர் நம்பரைப் போட்டு ஜன்னலில் வைக்கும். மறுபடி 'அடுத்த ஆர்டர்?' ஜன்னல் என்பது ஒரு எச்டிடிபி விலாசம். ஆர்டர் வராதவரை மொத்தச் சமையலறையும் தூக்கிய கரண்டியோடு அப்படியே உறைந்து நிற்கும். இதற்கு ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

கோபாலைக் கூட்டிப் போவதில்தான் பந்தா ஜாஸ்தி. இலவசமாகக் கிடைக்கும் குனூகோபாலில் கம்பைல் செய்தால், கூடவே அதன் லைப்ரரியையும் மூட்டை கட்ட வேண்டும். உங்கள் லினக்ஸ் அங்கிருப்பதைவிடப் புதுசாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள். எனவே டாக்கரில் அமேசான் லினக்ஸ் 2023-ஐ வைத்து, அதற்குள்ளேயே கம்பைல்.

இன்னொன்று, கடிகாரம். அங்கே ஓடுவது யுடிசி நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். விடிகாலை நாலு மணிக்குக் கணக்குப் போட்டால், அதற்கு அது நேற்று. ஒரு நாள் வட்டி காணாமல் போகும். பூட்ஸ்ட்ராப்பிலேயே இந்திய நேரத்தைச் சொல்லிவிட்டேன். அப்புறம் கோபாலின் 'வொர்க்கிங் ஸ்டோரேஜ்'. புரோகிராம் உயிரோடு இருக்கும்வரை அதில் போட்டது அழியாது. ஒரே மூச்சில் பல பேருக்குக் கணக்குப் போட்டால், முருகேசன் பாக்கி முனியம்மா தலையில் விழ வாய்ப்புண்டு. அதனால் ஆர்டருக்கு ஒரு புது புராஸஸ். கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும். மாதம் பத்து லட்சம் அழைப்பு வரை இலவசம் என்கிறபோது, சங்கத்துக்கு இது கொசுக்கடி.

பன்னிரண்டு மாதப் பழைய கணக்கை உள்ளே விட்டு, அச்சடித்து வைத்திருந்த தாள்களோடு பைசா பைசாவாக ஒப்பிட்டோம். உதைக்கவில்லை.

ரிடையரான பெரியவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். லாம்டா, அமேசான் எதையும் அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"ஏம்ப்பா, அந்த ரவுண்டட் போட்டிருப்பேனே, அதுல கை வைக்கலையே?"

"இல்ல சார்."

"சரி, சரி" என்று வைத்துவிட்டார்.