கவனம் என்னும் கடன்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூர் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று அச்சரிவில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதின. 2024 ஜனவரி 24 அன்று நேர்ந்த மற்றொரு விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். மலைச்சரிவு விபத்து எதுவாயினும், 'பிரேக் பிடிக்கவில்லை' என்னும் சொல்லே முதலில் காதில் விழும்.

அச்சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. கீழ்க் கியரில் சரிவிறங்கும் லாரியை அதன் இயந்திரமே ஓரளவு இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சமாகும் என்றெண்ணி ஓட்டுநர் நியூட்ரலுக்கு மாற்றினால் அந்தப் பிடி விட்டுப்போகும். பல டன் பாரமும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும். விடாமல் அழுத்த அழுத்த அது சூடேறி வலுவிழக்கும். இக்கால இயந்திரங்கள் பல, கியரில் சரிவிறங்கும்போது டீசல் வரத்தைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே அந்தச் சிக்கனமும் பொய்க் கணக்கே.

இப்படி இறங்குபவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. கவனக்குறைவு வழக்கில் சட்டம் அந்த எண்ணத்தைத் தேடுவதுமில்லை. பொறுப்புள்ள ஒருவர் அவ்விடத்தில் என்ன செய்திருப்பார், இவர் அதைச் செய்தாரா என்பதையே அது கேட்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

திருவாரூர் வீதியில் தேர்க்காலில் சிக்கிய கன்றின் கதையைத் தமிழர் அறிவர். மனுநீதிச் சோழன் விளைவை மட்டுமே பார்த்தான். உயிருக்கு உயிர் என்றான். இன்றைய நீதிமன்றமாயின், இளவரசன் கூட்டமுள்ள வீதியில் உரிய கவனத்தோடு தேர் செலுத்தினானா என்று முதலில் கேட்டிருக்கும். தாய்ப்பசுவின் இழப்பை ஈடுசெய்வது யார் என்றும் கேட்டிருக்கும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இருப்பது அதற்காகவே.

அந்தக் கவனத்தை யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்? இஞ்சிப் பானப் புட்டிக்குள் நத்தை கிடந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை இதற்கு விடை கண்டது. நம் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ, அவரே நம் அயலார் என்றார் நீதிபதி அட்கின் பிரபு. தொப்பூர்ச் சரிவில் முன்னே செல்லும் காரில் இருப்பவர், முகம் தெரியாவிட்டாலும், பின்வரும் லாரி ஓட்டுநருக்கு அயலாரே. தேய்ந்த பிரேக்கோடு வண்டியை அனுப்பிய உரிமையாளருக்கும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியவருக்கும் அவர் அயலார்தாம். சாலை அமைத்தவர்களும் இதற்கு விலக்கல்லர். பாதுகாப்பு விதிகளை மீறி அமைத்த சாலையில் உயிரோ உறுப்போ போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். போன உயிருக்கு அது மிகச் சிறிய தொகை.

பென்னாகரம் வட்டத்து ஏரியூர் போன்ற ஊர்களில் இதே கேள்வி வேறு உருவில் எழுகிறது. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வாசலில் இருசக்கர வாகனம் நிற்கிறது. உர மூட்டை வாங்கவோ தங்கையைப் பள்ளியில் விடவோ பதினாறு வயது மகனிடம் சாவி தரப்படுகிறது. அவசரமும் மகன்மீதுள்ள நம்பிக்கையுமே காரணம். ஆயினும் உரிமம் பெறாத அவன் வண்டியோட்டிக் குற்றத்திற்கு உள்ளானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பொறுப்பாளியாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் தண்டம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. மகனுக்கும் 25 வயது வரை உரிமம் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான்' என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டியவரும் பெற்றோரே. சட்டம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கவனக்குறைவு, சாவி கைமாறும் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அது சரியாகவே கண்டிருக்கிறது.

மோதலோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வழிப்போக்கரோ வழக்குக்கு அஞ்சி ஒதுங்குகிறார். அந்த அச்சத்திற்கு இப்போது இடமில்லை: நல்லெண்ணத்தோடு 108ஐ அழைத்து, அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.