பையைத் தொறம்மா

மலையாளின்னு சொன்னா கேரளாவான்னு கேக்கிறாங்க. இல்லைங்க, ஜவ்வாது மலை. போளூரிலோ ஆலங்காயத்திலோ பஸ் ஏறினா வந்துடலாம். மலையாளி என்பது அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் எங்களுக்குள்ள பேர். கீழ்நாட்டில் எங்களுக்கு வேற பேர். மலைக்காரன், மலைக்காரி.

காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வெள்ளாளர் வம்சம் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு சேரிச் சனத்தோடு புழங்காமல் ஒதுங்கி நிற்கிற ஆட்கள் எங்களிலும் உண்டு. ஜவுளிக்கடைக்காரனுக்கு அந்தக் கதை தெரியாது. அவன் வாசலில் நாங்களும் சேரிச் சனமும் ஒரே வரிசைதான். அதனால்தான் இதை இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

என் மகள் பத்தாவது முடித்துக் கீழே டவுனில் விடுதியில் சேர்ந்தாள். போர்வை, பக்கெட்டு, ரெண்டு சுடிதார், ஒரு ஜோடி செருப்பு வாங்கணும். புளி வித்த காசு நாலாயிரம் இடுப்பில் சுருக்குப் பையில் இருந்தது. ஏழு வயசு சின்னவன் நானும் வருவேன் என்று ஒரே அடம். கூட்டிக்கொண்டு போனேன். நாலு மாடிக் கடை. பேர் வேண்டாம், எந்த டவுனிலும் அப்படி ஒண்ணு இருக்கும்.

வாசலிலேயே ஆரம்பம். "ஏம்மா, பையை அங்க வெச்சிட்டுப் போ." எனக்கு முன்னால் போன அம்மா தோளில் என் பையைவிடப் பெரிய பை. அவங்களுக்கு "வாங்க மேடம்." பையை வைக்கச் சொல்வது கடையின் சட்டமென்றால் வைக்கிறோம். ஆனால் சட்டம் பையைப் பார்க்கவில்லை, பையைத் தூக்கியிருந்த ஆளைப் பார்த்தது.

உள்ளே ஒரு பெண் எங்கள் பின்னாலேயே வந்தாள். உதவிக்கு வருகிறவள் முன்னால் வந்து என்ன வேணும் என்று கேட்பாள். இவள் பின்னால் வந்தாள். மகள் ஒரு சுடிதாரைத் தொட்டதும் "அது வெல ஜாஸ்தி" என்றாள். விலையை நாங்கள் கேட்கவே இல்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தோம், அறுநூத்தி ஐம்பது. இரண்டு எடுத்தோம். சின்னவன் ஒரு பொம்மைக்கு மாட்டியிருந்த சட்டைப் பொத்தானை விரலால் தொட்டான். "தம்பி, கையை எடு." அதற்குப் பிறகு அவன் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தான்.

பணம் கட்டி வெளியே வரும்போது வாசல்காரர் பில்லையும் துணியையும் சரிபார்த்தார். அது எல்லாருக்கும் நடக்கிறது. பிறகு சின்னவனின் கால்சட்டைப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு தண்ணி பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நீல பாட்டில். மேல் மாடியில் அதே மாதிரி பாட்டில்கள் அடுக்கி வைத்திருந்தார்களாம்.

"இது உன்னுதா?"

பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இல்ல" என்றான்.

அவ்வளவுதான். இன்னும் ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். "பையைத் தொறம்மா. அந்தப் புள்ள பையையும் தொற." பணம் கட்ட நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டிலை வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். அடியில் நகப்பூச்சால் அவன் பேர், வகுப்பு. அவங்க டீச்சர் எழுதச் சொல்லி மகள் எழுதியது. உள்ளே எங்க ஊர் கிணத்துத் தண்ணி பாதி இருந்தது. வாசல்காரர் பார்த்துவிட்டு, "சரி சரி, போங்க" என்றார். அப்பத்தான் எங்களுக்கு முதல் தடவையாக ஒரு 'ங்க' கிடைத்தது.

பின்னாலேயே வந்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளும் ஏதோ கிராமத்துப் பிள்ளைதான். காலையிலிருந்து நிற்கிறவள். கடை ஊழியர் உட்கார நாற்காலி போடணும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். இந்த மாதிரிக் கடைகளில் ராத்திரி வீட்டுக்குப் போகும்போது ஊழியர் பையையும் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். நாள் முழுக்கச் சந்தேகப்படும் வேலை, நாள் முடிவில் தன்மேலேயே சந்தேகம்.

தன் பாட்டிலை இவன் ஏன் 'இல்ல' என்றான்? மலையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காக்கி போட்டவன் எதைக் காட்டிக் கேட்டாலும் முதல் பதில் இல்லை என்பதுதான். விறகா, இல்லை. கத்தியா, இல்லை. அவன் அப்பனும் தாத்தனும் சொல்லிவந்த சொல்.

சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில் இருந்தவர்களும் மலையாளிகள்தான், எங்க சனம். சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் 1992 ஜூன் 20இல் வனத்துறையையும் போலீசையும் வருவாய்த்துறையையும் அந்த ஊருக்குள் இறக்கியது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011இல். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். எங்களைச் சந்தேகப்பட ஒரு நொடி, அந்தச் சந்தேகத்தை விசாரிக்க முப்பத்தொரு வருசம்.

2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். செத்தவர்களில் எங்க மலை ஆட்களும் உண்டு. செத்தவர்களில் சிலரைப் பஸ்ஸிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். ஜவுளிக்கடையைப் பற்றிப் பேச வந்து எங்கேயோ போகிறாள் என்று நினைக்காதீங்க. பஸ்ஸில் ஆளைப் பார்த்து இறக்கும் கண்ணும், கடையில் பையனின் கால்சட்டையைப் பார்க்கும் கண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

இதில் வயிறெரிகிற சங்கதி ஒன்று உண்டு. கடைக்கும் எங்களுக்கும் உள்ள பழைய கணக்கில் ஏமாந்தது யார்? எங்க பாட்டி காலத்தில் வியாபாரி மலையேறி வருவான். உப்பு, மிளகா, துணி கடனாகக் கொடுத்துவிட்டு, காய்க்கும் முன்னாலேயே புளியமரத்தைக் கணக்கு எழுதிக்கொள்வான். சாமை அளக்க அவன் படி, சாமான் கொடுக்க வேறொரு படி. 1971இல் பாவா குழு என்று ஒன்று உட்கார்ந்து, வியாபாரிகளிடமிருந்து பழங்குடிகளைக் காப்பாற்ற லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டும் என்று சொன்னது, காரணம் இல்லாமலா? போன வருசம் புளி எடை போடும்போது, தராசைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்கண்ணா என்றேன். "என்னாம்மா, எம்மேலயே சந்தேகமா?" என்று அவருக்கு அப்படி ஒரு கோபம்!

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களைச் சொல்லும்போது முதலில் சொல்வது கடைகளைத்தான். அப்புறம்தான் ஓட்டல், கிணறு, குளம் எல்லாம். 1948 நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபையில் கடை என்றால் எது எது என்று கேள்வி வந்தபோது அம்பேத்கர் அதை அகலப்படுத்தியே பதில் சொன்னார். முடிவெட்டும் இடம், சலவைக் கடை எல்லாம் அதில் அடங்கும் என்றார். தீண்டாமை ஒழிப்புப் பிரிவு ஏற்கப்பட்டதும் அதே நாளில்தான்.

2022இல் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சென்னை ரோகிணி தியேட்டரில் டிக்கெட் கையில் இருந்தும் பிள்ளைகளோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். இரண்டிலும் வழக்கு வந்தது, ஏனென்றால் இரண்டிலும் வீடியோ இருந்தது. எங்களை யாரும் உள்ளே வராதே என்று சொல்லவில்லை. வா என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு, கூடவே நடந்து பார்த்தார்கள். பார்வைக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கடை முழுக்கக் கேமரா இருக்கிறது, அது கடைக்காரருடைய கேமரா.

தீபாவளிக்குச் சின்னவனுக்குத் துணி எடுக்கணும். வேற கடைக்குப் போகலாம் என்றேன். அதே கடைதான் என்கிறாள் மகள். எல்லார் பையையும் வாங்கி வைங்க, எங்களுதையும் தர்றோம் என்று வாசலில் நின்று கேட்கணுமாம். பதினொண்ணாவது படிக்கிறாள், கேட்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன். சின்னவன் வருகிறேன் என்றுதான் சொல்கிறான். பாட்டில் மட்டும் வேண்டாம், கடை உள்ளே போனால் தாகம் எடுக்காது என்கிறான்.