வெங்காயத் தோலில் வந்த ஈஸ்டர்

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த இந்த இரண்டு வருடங்களில், 'வீட்டிலேயே ஈஸ்டர் முட்டை அலங்கரிப்பது எப்படி?' என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. தேவையும் வந்ததில்லை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு பேக்கரியிலிருந்து சர்க்கரை முட்டை வரும். ஒவ்வொன்றின் மேலும் எங்கள் பெயரை ஐசிங்கில் எழுதி வாங்கி வருவது அப்பாவின் வேலை.

போன நவம்பரில் அப்பா தவறிவிட்டார். "இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. கடையில எதுவும் வாங்க வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டார். எங்களுக்குப் புரிந்தது. அண்ணன் மகளுக்கு ஆறு வயதுதான். ஈஸ்டருக்கு முந்தைய நாள் மதியம் என்னிடம் வந்து, "அத்தை, தாத்தா முட்டை இந்த வருஷம் வராதா?" என்று கேட்டாள்.

பதில் தெரியாமல் அடுப்படிக்குப் போனேன். கடையில்தானே வாங்கக் கூடாது? ஃப்ரிட்ஜில் வெள்ளை முட்டைகள் இருந்தன. ரோஜாச் செடிக்குப் போட அம்மா சேர்த்து வைத்திருந்த பெரிய வெங்காயத் தோலும் ஒரு பை இருந்தது.

ஆளுக்கொன்று என ஐந்து முட்டைகளை அவித்தேன். இரண்டு கை நிறையத் தோலை அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டதும், தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வந்தது. வடிகட்டி, 2 டேபிள்ஸ்பூன் வினிகர் சேர்த்தேன். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். வினிகரின் அமிலம் அதை லேசாக அரிப்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். கிரீஸ் நாட்டில் புனித வியாழனன்று முட்டைக்குச் சிவப்பு ஏற்றவும் வெங்காயத் தோலைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் எழுத மெழுகு. உக்ரைனில் முட்டையின் மேல் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கும் 'பிசங்கா' கலையை, 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கரண்ட் போனால் ஏற்றும் வெள்ளை மெழுகுவர்த்தியால் குட்டியின் பெயரை எழுதி, அவசரத்தில் சூடான சாயத்திலேயே முட்டையைப் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தால் வெறும் பழுப்புத் திட்டு.

"அத்தை, என் பேரு அழிஞ்சிருச்சு!" கண்ணில் நீர் கட்டிவிட்டது அவளுக்கு.

"சூட்டுல மெழுகு உருகாதா? ஆறட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா எவ்வளவு நேரமாக வாசல்படியில் நின்றாரோ தெரியாது. உள்ளே போய், ஒரு மெழுகுவர்த்தித் துண்டோடு வந்தார். போன வருடம் ஈஸ்டர் இரவுத் திருப்பலியில் அப்பா கையில் பிடித்திருந்தது.

"எத்தனை அவிச்ச?"

"அஞ்சும்மா."

"இன்னும் ரெண்டு போடு."

வீணானதற்குப் பதில் ஒன்று. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மா ஒவ்வொரு முட்டையிலும் அழுத்தி எழுதினார். வெள்ளை ஓட்டில் வெள்ளை மெழுகு, ஒன்றுமே தெரியவில்லை. ஆறிய சாயத்தில் அரை மணி நேரம் ஊறியபிறகு எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசி முட்டையை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள் குட்டி. "தா... த்... தா. தாத்தாவுக்கும் வந்துருச்சு ஆச்சி!"

துளி தேங்காய் எண்ணெய் தடவியதும் எல்லாம் பளபளத்தன. அவித்த முட்டை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதால், ஐந்தை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஆறாவது, அப்பா படத்துக்கு முன்னால்.

மஞ்சள்தூள் கொதித்த நீரில் மஞ்சள் நிறம் கிடைக்கும், பீட்ரூட்டில் ரோஸ், ஊதா முட்டைகோஸில் நீலம் என்று குட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: "அடுத்த வருஷம் பீட்ரூட்லயும் போட்டுப் பார்ப்போம்."